ரோஸ்லின் சொன்ன மொட்டை

1

நம் பள்ளியின் பழைய மாணவியர் மலரில் ‘வெளியூர்வாசிகள்’ என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். சென்ற முறை அதில் ஒருத்தி டொராண்டோவில் பனி வாரியதைப் பற்றி எழுதியிருந்தாள். இன்னொருத்தி துபாயில் நோன்பு மாதத்தில் அலுவலகம் எப்படி நடக்கும் என்று எழுதியிருந்தாள். இந்த முறை என்னைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கடல் தாண்டியவள் இல்லை, அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டியவள். திண்டுக்கல்லில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது பெங்களூரு.

ஆனாலும் இந்த மாதத்தோடு பதினான்கு வருடம் முடிகிறது. இன்னமும் வாடகை வீடுதான். கன்னடம் பேசினால் பாதி புரியும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பஸ்ஸில் நம்பரைப் பார்த்து ஏறுகிறேன். ஊரைப் பற்றி, ஏரிகளைப் பற்றி, டிராஃபிக்கைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் என் தலைமுடியைப் பற்றி எழுதுகிறேன்.

என்னோடு படித்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காலைப் பிரேயரில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது என் சடையைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். மடித்து ரிப்பன் கட்டினாலும் இடுப்புக்கு வரும். பெயர் மறந்துபோன டீச்சர்கள் ‘சடைக்காரி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

போன மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் நான் கிடந்தபோது, திண்டுக்கல்லில் இருக்கும் என் அக்கா, பிழைத்து வந்தால் பழனியில் மொட்டை போடுவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டாள். அவளுக்கு இல்லை, எனக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் முடியை முருகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் பிழைத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்ட ஆரம்பித்தது.

தலையணையில் முடி, குளியலறைச் சல்லடையில் முடி, ரசத்தில் முடி. பெரிய காய்ச்சலுக்குப் பிறகு இப்படித்தான் கொட்டும், தானாக வளரும் என்றார் டாக்டர். அலுவலகத்தில் எல்லாரும் தண்ணீரைச் சொன்னார்கள். இந்த ஊரில் குழாய் அடைத்தாலும் போர்வெல் தண்ணீர்தான் காரணம், முடி கொட்டினாலும் போர்வெல் தண்ணீர்தான் காரணம். அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னாள்.

“நீ குடுக்கலைல்ல, அதான் அவரே எடுத்துக்கிறாரு.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. போன் கேமரா ரிப்பேர் என்று அன்றைக்கே ஒரு பொய் சொல்லி, வீடியோவில் பேசுவதை நிறுத்திவிட்டேன். ஊருக்கும் போகவில்லை.

இதற்கு நடுவில் அக்கா மகன் பிரபுவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. வீட்டில் நல்ல காரியம் நடப்பதற்கு முன்னால் வேண்டுதல் பாக்கி இருக்கக் கூடாது, கல்யாணத்துக்கு முன்பே பழனிக்கு வந்து மொட்டை போடு என்று அக்கா வாராவாரம் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு இருப்பது ஒரே அக்கா, அவளுக்கு இருப்பது ஒரே பையன். கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. மொட்டைத் தலையோடு போய் நிற்கவும் எனக்கு மனசில்லை. முடி நிறைய இருந்தபோது கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பேன். மிச்சம் இருந்தது கொஞ்சம் என்பதாலேயே அதை விடமுடியவில்லை.

2

பல வருடமாக என் முடியை வெட்டியவள் மாவி. மிசோரம்காரி. தொம்மலூரில் என் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த சலூனில் வேலை பார்த்தாள். எனக்கு ஹிந்தி வராது, அவளுக்கும் சரியாக வராது. நான் விரலால் இவ்வளவு என்று காட்டுவேன், அவள் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டுவாள். அதற்கு மேல் எங்களுக்குப் பேச எதுவும் இருந்ததில்லை.

முடி கொட்டத் தொடங்கிய பிறகு அவளிடம் போனபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. மாவி எதுவும் கேட்கவில்லை. சீப்பில் வந்ததையெல்லாம் நான் பார்க்கும் முன்பே கையில் சுருட்டிக் கீழே போட்டு, காலாலேயே நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டாள். நான் கவனித்ததை அவளும் கவனித்தாள். கண்ணாடிக்குள் இரண்டு பேரும் பார்வையைத் திருப்பிக்கொண்டோம்.

அடுத்த தடவை போனபோது மாவி இல்லை. ஐஸ்வாலுக்கே திரும்பிப் போய்விட்டாள் என்றார்கள். ஊருக்கே போய்விட முடிகிறது சிலருக்கு என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாளே என்று கோபமாகவும் இருந்தது. என்னிடம் சொல்லியிருந்தால் மட்டும் எனக்குப் புரிந்திருக்கப் போகிறதா?

அதே சலூனில் வேறு ஒரு பையன் வெட்டினான். அவன் என் உச்சந்தலையில் பேனா மாதிரி ஒரு கேமராவை வைத்து, எதிரே இருந்த திரையில் பெரிதாகக் காட்டினான். காய்ந்த ஏரி மாதிரி இருந்தது. அதைக் காட்டிக்கொண்டே ஏதோ பேக்கேஜ் விலை சொன்னான். துண்டை உருவிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

3

வீடு மாறியதால் ஆதாரில் முகவரி மாற்ற வேண்டியிருந்தது. போன இடத்தில் போட்டோவும் பழசாக இருக்கிறது, புதுசு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் துப்பட்டாவைத் தலைக்கு மேல் போட்டபடியே உட்கார்ந்தேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்தவர் “தெகீரி மேடம்” என்றார். எனக்குப் புரிந்தது, புரியாத மாதிரி இருந்தேன். அவர் தன் தலையைத் தொட்டு, துணியை எடுப்பது போல நடித்துக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எடுத்தேன். சரிபார்க்கச் சொல்லித் திரையை என் பக்கம் திருப்பியபோது, வகிடு ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் படம்தான் இனி நான்.

பக்கத்தில் என் மகள் யாழினி நின்றுகொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும் என்று தேடித் தேடி வைத்தோம். ஆங்கிலத்தில் எழுதியதை வைத்துக் கன்னடத்தில் மாற்றியவர்கள் அவளை ‘யாஜினி’ ஆக்கிவிட்டார்கள். பள்ளியில் யாஜினி, அட்டையிலும் யாஜினி. அதையும் அன்றைக்கே திருத்தலாம் என்று நான் சொன்னதற்கு, “விடும்மா, எனக்கே பழகிடுச்சு” என்றாள். அவளுக்கு ழ வரும். ஆனால் தோழிகளிடம் பேசும்போது அவளே யாஜினி என்றுதான் சொல்லிக்கொள்கிறாள்.

வீட்டில் அவள் தமிழ் பேசுவது பசிக்கும்போதும் ஏதாவது வாங்கித்தரச் சொல்லும்போதும்தான். மற்ற நேரம் காதில் மாட்டிக்கொண்டு ஆங்கிலம், கீழ்வீட்டுப் பெண்ணோடு கன்னடம். முடி நுனிக்கு நீலச் சாயம் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குக் கொட்டுகிறது, இவள் சாயம் போடப் போகிறாளாம் என்று எரிச்சலாக வரும். என் கணவருக்கோ இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. “எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே” என்பார், டிவியைப் பார்த்துக்கொண்டே.

4

ரோஸ்லினைப் பற்றிச் சொன்னது எங்கள் அலுவலகத்தில் டீ கொடுக்கும் அம்மா. விவேக் நகரில், சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் பார்லர் வைத்திருக்கிறாள், நம்ம தமிழ்தான் என்றார். அந்த ‘நம்ம தமிழ்தான்’ போதுமாக இருந்தது எனக்கு. தமிழில் சொன்னால் சரியாக நடந்துவிடும் என்று நம்பினேன்.

முதல் தடவை போனது வியாழக்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கவே முடியவில்லை, அத்தனை கூட்டம் குழந்தை இயேசு கோயிலுக்கு. “வியாழக்கெழம மட்டும் வராதீங்கக்கா” என்பதுதான் ரோஸ்லின் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம். என் வயதுதான் இருக்கும், இருந்தாலும் அக்கா என்றாள். விவேக் நகரிலேயே பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்தில் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். கட்டிக்கொடுத்தது கன்னடம் பேசும் வீட்டில். பத்து வார்த்தைக்கு ஒரு தரம் “ஸ்வல்ப தலய குனிங்க” என்பது போல ஏதாவது ஒரு கன்னட வார்த்தை நடுவில் வந்து விழும். நான் சிரித்துக்கொள்வேன்.

அவள் பெரிய கைகாரி என்று சொல்லமாட்டேன். முன்முடியைக் கோணலாக வெட்டிவிட்டாள். நான் சொன்னதும், “உங்க நெத்திதாங்க கோணல்” என்றாள். வாய் ஓயாது. இருந்தாலும் பேசிக்கொண்டே முடியைத் தோள்வரை குறைத்ததில், இருக்கும் முடி கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. டெங்குவில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்காவின் வேண்டுதலை மட்டும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது பல மாதமாகப் பூட்டிக் கிடந்த வாயைத் திறந்துவிட்டது போல இருந்தது.

இரண்டாவது தடவை போனபோது தலையை அலசிவிட்டு, ஈர முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். பேச்சு நின்றுவிட்டது. அவள் பேசாமல் இருந்ததே எனக்குப் பயமாக இருந்தது. பிறகு என் தோளைத் தட்டினாள்.

“கவலப்படாதீங்கக்கா. மொட்டெ போட்ரலாம். போட்டா முடி நல்லா கெட்டியா வரும். எங்கம்மாவுக்கும் நான்தான் போட்டுவுட்டேன். மாசத்துக்கு ரெண்டு வாட்டி போட்டுக்கோங்க, அவ்ளோதான்.”

சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள். உள்ளே ஏதோ கிண்ணம் உருண்டது.

அக்கா வாராவாரம் போனில் சொல்லும் அதே வார்த்தை. அதைக் கேட்கக் கூடாது என்றுதான் ஊருக்கே போகாமல் இருக்கிறேன். தமிழ் பேசுகிறவள் என்று இவளைத் தேடி வந்தால், இவளும் அதையே சொல்கிறாள். கத்தியை எடுத்துவரத்தான் உள்ளே போயிருக்கிறாள் என்று தோன்றியது. மாசத்துக்கு இரண்டு முறை யார் மொட்டை போடுவார்கள் என்று அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. கழுத்தில் சுற்றியிருந்த துண்டோடு எழுந்து, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

சந்து முழுக்கச் சாக்கடை வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஈரத்தலையோடு நின்ற என்னை எந்த ஆட்டோக்காரரும் ஏற்றவில்லை. அழுகை வந்தது. நாற்பத்து நான்கு வயதில் நடுத்தெருவில் அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் அதுதான்.

5

வீட்டில் யாழினி இருந்தாள். என் தோளில் கிடந்த பார்லர் துண்டைப் பார்த்து என்ன என்று கேட்டாள். நான் பொரிந்து தள்ளினேன். பார்லர்காரி என்ன தைரியத்தில் எனக்கு மொட்டை போடச் சொல்கிறாள், நான் என்ன பழனிக்கா போனேன், அவள் அம்மாவுக்கு வேறு போட்டுவிட்டாளாம் என்றேன்.

யாழினி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். அவங்க சொன்னதை அப்படியே சொல்லு என்றாள். சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவள் சோபாவிலேயே சரிந்துவிட்டாள்.

“அம்மா, மொட்டென்னா கன்னடத்துல முட்டைம்மா. எக். தலைக்கு முட்டை போடறேன்னு சொல்லியிருக்காங்க.”

பதினான்கு வருடமாகக் கடையில் விரலைக் காட்டியே முட்டை வாங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

சிரித்து முடித்த பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தாள். “ஆனா நீ ஏன் அழுத?” என்றாள். அவளிடம் இதையெல்லாம் நான் பேசியதே இல்லை. அவளுக்கு இருக்கும் தமிழுக்குள் வேண்டுதலை எப்படி விளக்குவது என்று தெரியாமல் விட்டிருந்தேன். அன்றைக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரி, பழனி, பிரபு கல்யாணம், பெரியம்மா சொன்ன அந்த ஒரு வரி. கேமரா ரிப்பேர் என்ற பொய்யை அவள் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

“உன் ஹேர் வெச்சு பெரியம்மா ப்ராமிஸ் பண்ணாங்களா? உன்னக் கேக்காமயா?” என்றாள். ஆமாம் என்றேன். “அது தப்பு. ஆனா பெரியம்மா ரொம்பப் பயந்துபோயிருப்பாங்க, இல்ல?”

எனக்கு அது தோன்றியதே இல்லை. துண்டை எடுத்து அவளே என் தலையைத் துவட்டிவிட்டாள். துவட்டும்போது மெதுவாகத்தான் செய்தாள், முடி வந்துவிடும் என்று.

6

துண்டைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். யாழினியும் வந்தாள், நீல நுனிக்கு விலை விசாரிக்க. ரோஸ்லின் என்னைப் பார்த்ததும் நான் பேசுவதற்குள் முந்திக்கொண்டாள்.

“சாரிக்கா, நீங்க வெஜ்ஜுன்னு எனக்குத் தெர்யாது. நீங்க சும்னே எழுந்து போய்ட்டீங்கோ, எனக்குத் தூக்கமே வர்ல. உங்களுக்காகக் கத்தாழ வாங்கி வெச்சிருக்கேன்.”

நாங்கள் கோழியே சாப்பிடுகிறவர்கள் என்றும், எங்கள் ஊரில் மொட்டை என்றால் என்ன என்றும் சொன்னேன். ரோஸ்லின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் அந்த அர்த்தம் தெரியுமாம். வேளாங்கண்ணியில் அவளே போட்டிருக்கிறாள். முட்டை என்று சொல்லும்போது அது ஞாபகத்துக்கு வருவதில்லை என்றாள். பிறகு கற்றாழையை ஓரமாக வைத்துவிட்டு முட்டையை உடைத்தாள்.

நாற்றம் தாங்கவில்லை. முட்டையும் தயிரும் தலையெல்லாம் பூசி, நான் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது யாழினியின் போன் அடித்தது. அக்கா. கல்யாணத்துக்கு யாழினிக்குப் பாவாடை தைக்க அளவு கேட்டுக் கூப்பிட்டிருக்கிறாள், வீடியோவில். யாழினி எடுத்துவிட்டாள். அம்மா எங்கே என்று அக்கா கேட்டது எனக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டே நான் பதில் சொன்னேன்.

“பார்லர்ல இருக்கேன்க்கா. மொட்டெ போட்டுக்கிட்டிருக்காங்க.”

ரோஸ்லினின் கை நின்றது. என்ன சொன்னேன் என்று எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. அந்த வார்த்தை என் வாய்க்குள் எப்போது வந்து உட்கார்ந்ததோ தெரியவில்லை.

“பழனிக்குக் குடுக்க வேண்டியத அங்கயே போட்டுட்டியாடி?” என்று அக்கா பதறினாள்.

யாழினி என்னைக் கேட்கவில்லை. “இங்க மொட்டென்னா முட்டை, பெரியம்மா” என்று சொல்லிக்கொண்டே போனை என் தலைக்கு நேராகத் திருப்பிவிட்டாள். முட்டையில் ஒட்டி, கயிறு கயிறாகப் பிரிந்த முடியும், நடுவில் தெரிந்த தலையும் அக்காவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். லைன் கட்டாகிவிட்டதோ என்று யாழினி போனைக் குலுக்கினாள்.

“இப்படியா ஆயிருச்சு?” என்றாள் அக்கா. குரல் மாறியிருந்தது. “ஏன்டி சொல்லல?”

“நீதானே சொன்ன, முருகனே எடுத்துக்கிறாருன்னு.”

அக்கா அழுதாள். வாய்க்கு வந்ததைச் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு இத்தனை மாதமாக முகத்தைக் காட்டாமல் இருந்தாயா என்று திட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவர் போன் செய்த அன்றைக்கு, என்ன வேண்டுவது என்றே தெரியாமல், என்னிடம் இருப்பதிலேயே பெரியது எது என்று யோசித்து அதைச் சொல்லிவிட்டாளாம். எனக்குக் கண்ணில் முட்டை வழிந்துகொண்டிருந்தது. கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்.

“மொட்டையெல்லாம் வேண்டாம் செல்வி. நீ ஒரு கொத்து பூமுடி குடு, போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

மிச்சத்தை எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று நான் கேட்கவில்லை. கோயிலில் ஏதாவது பணம் கட்டுவாள் என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரியே ரயிலுக்கு டிக்கெட் போட்டோம்.

7

முட்டை போட்டதில் முடி வளர்ந்ததா என்று கேட்பீர்கள். இதுவரை இல்லை. நாற்றம் மட்டும் இரண்டு நாள் இருந்தது. ரோஸ்லின் இன்னும் நான்கு தடவை போட்டால் தெரியும் என்கிறாள். ஊருக்குக் கிளம்பும் முன்பு கோணல் முன்முடியைச் சரிசெய்கிறேன் என்று மறுபக்கம் கோணலாக வெட்டி அனுப்பினாள். யாழினிக்கு ஒரே ஒரு கொத்துக்கு நீலம் போட்டுவிட்டாள், பெரியம்மா திட்டினால் என் பெயரைச் சொல்லாதே என்ற நிபந்தனையோடு.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் திண்டுக்கல்லில் இறங்கினோம். அப்போதுதான் விடிந்திருந்தது. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டேதான் ரயிலிலிருந்து இறங்கினேன், பழக்கம். பிளாட்பாரத்தில் பிரபு நின்றான். அவனுக்குப் பக்கத்தில் அக்கா, முந்தானையை நெற்றிவரை இழுத்து மூடிக்கொண்டு. எங்கள் வீட்டில் யாரும் முக்காடு போடுகிற வழக்கம் இல்லை.

என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டதில் முந்தானை நழுவியது. தலை முழுக்கச் சந்தனம் பூசியிருந்தது. ஒரு முடி இல்லை. மாப்பிள்ளையின் அம்மா, மேடையில் எல்லா போட்டோவிலும் நிற்க வேண்டியவள்.

“என்னக்கா இது” என்றேன். என் துப்பட்டாவை அவளே இழுத்து என் தோளில் போட்டாள். கோணல் முன்முடியைப் பார்த்து, இதை வெட்டினவளுக்குக் கண்ணு தெரியுமா என்று கேட்டாள். யாழினி நீலக் கொத்தைக் காதுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பெரியம்மாவின் தலையைத் தடவிப் பார்த்தாள்.

“நாளைக்குக் காலைல பழனிக்குப் போயி உன் பூமுடியக் குடுத்துட்டு வந்துரலாம்” என்றாள் அக்கா, என் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே. “வா, மொட்டெக் கொழம்பு வெச்சிருக்கேன்.”